ரீசெட் ஆகிக்கொண்டே இருந்த போர்டும் உதவி தேடி அலைந்த மாதங்களும்

நான் வடிவமைத்த ஒரு சர்க்யூட் போர்டு காரணமே தெரியாமல் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய உதவி தேடி மாதக்கணக்கில் அலைந்தேன். பணம் போனது, தூக்கம் போனது, பொரிய வேண்டிய ஒரு தொகுதி முட்டைகளும் போயின. போர்டு வடிவமைக்கக் கற்றுத்தர எத்தனையோ பாடங்கள் இருக்கின்றன. செய்த போர்டு வேலை செய்யாதபோது யாரிடம் போவது, போகும்போது கையில் எதை எடுத்துக்கொண்டு போவது என்பதை மட்டும் எனக்கு எவரும் சொல்லவில்லை. இப்போது அதே நிலையில் தனியாகத் திண்டாடும் ஒருவருக்காவது பயன்பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோழி முட்டைகளை அடைவைக்கும் இன்குபேட்டருக்கான கட்டுப்பாட்டுப் போர்டு அது. காற்றைச் சுழலவிடும் பெட்டியில் வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸில் 21 நாட்கள் நிலையாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் குளிர்ந்தால் கரு தாங்கிக்கொள்ளும். இரவு முழுக்கக் குளிர்ந்தால் தாங்காது. மூளையாக வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 சிப், வெப்பமும் ஈரப்பதமும் அளக்க ஒரு சென்சார், ஹீட்டரையும் விசிறியையும் போட்டு அணைக்கும் மின் ஸ்விட்சுகளாக ரிலேக்கள். 5 வோல்ட் அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தை எல்எம்1117 ரெகுலேட்டர் 3.3 வோல்ட்டாக இறக்கித் தரும். ஆயத்தமாகக் கிடைக்கும் டெவலப்மென்ட் போர்டை வைத்து, சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் முதலில் செய்துபார்த்தேன். வாரக்கணக்கில் பிசகாமல் ஓடியது. பிறகுதான் கீகேட் மென்பொருளில் வரைந்து, அதன் பிழைச் சோதனைகளை எல்லாம் ஓட்டி, பாகங்கள் மிகச் சிறியவை என்பதால் அவற்றைப் பொருத்தித் தரும் வேலையையும் சேர்த்து ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன்.

வந்த போர்டு பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மேசை மேல் சோதித்தபோது ஒழுங்காகவே ஓடியது. நம்பி முட்டைகளை வைத்தேன். பாதிக்கு மேல் நாட்கள் கடந்த பிறகு ஓர் இரவில் அது மறுபடி மறுபடி ரீசெட் ஆகி, ஹீட்டர் பெரும்பாலான நேரம் அணைந்தே இருந்திருக்கிறது. காலையில் பெட்டி குளிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முந்தின நாள் வரை உள்ளே அசைந்தவை எதுவும் அசையவில்லை. மின்னணுப் பொழுதுபோக்கில் ஒரு பாகம் புகைந்து போவது பெரிய துக்கம் இல்லை. இது வேறு. பல நாட்களுக்கு அந்தப் பெட்டியைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை.

கணினியில் இணைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு ரீசெட்டுக்கு முன்பும் பிரௌன்அவுட் டிடெக்டர் தூண்டப்பட்டது என்ற செய்தி வந்தது. சிப்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் பாதுகாப்பான அளவுக்குக் கீழே இறங்கினால், தவறாக இயங்கிவிடாமல் இருக்க அது தன்னைத் தானே நிறுத்தி மறுபடி தொடங்கும். மல்டிமீட்டரை வைத்தேன், 3.3 என்று அசையாமல் காட்டியது. அடாப்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். மாற்றம் இல்லை. அதன் பிறகுதான் உதவி கேட்கத் தொடங்கினேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், முகம் அறியாத அனுபவசாலிகள் என்று யாரையும் விடவில்லை. எல்லோரிடமும் சர்க்யூட் வரைபடத்தைக் கொடுத்து, "ரீசெட் ஆகிறது, ஏன்?" என்று கேட்டேன்.

பதில்கள் வந்தன; நிறையவே வந்தன. பெரும்பாலானவர்கள் சொன்னது, பவர் பிரச்சினை, இன்னும் பெரிய கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமித்து மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) போடுங்கள் என்பது. செராமிக் கெப்பாசிட்டர்களை மேலும் சேர்த்துச் சால்டர் செய்தேன். ரீசெட் அதிகமானது. இன்னொருவர் சென்சார்தான் கெட்டிருக்கும் என்றார், புதிது வாங்கினேன். மூன்றாமவர், நிரலில் ஒரு வரி சேர்த்து பிரௌன்அவுட் டிடெக்டரையே அணைத்துவிடச் சொன்னார். இந்த யோசனை பல இடங்களில் உலவுகிறது, ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். மின்னழுத்தம் இறங்குவது அதனால் நிற்காது. இறங்கிய நிலையிலும் சிப் ஓட முயலும், அந்த நேரத்தில் நினைவகத்தில் எதையாவது எழுதினால் அது சிதைந்து போகலாம். ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கருவி தாறுமாறாக ஓடுவதைவிட ரீசெட் ஆவது எவ்வளவோ மேல்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவி ஒன்றையும் கேட்டேன். தயக்கமே இல்லாத தொனியில் நீண்ட பதில் தந்தது. ரிலேயை இயக்கும் இணைப்பை ஜிபிஐஓ34 என்ற முனைக்கு மாற்றச் சொன்னது. இஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையுள்ள முனைகள் உள்ளீட்டுக்கு மட்டுமானவை. அவற்றால் எதையும் இயக்க முடியாது. உற்பத்தியாளரின் விவர ஆவணமான டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்ததால் தப்பித்தேன். டேட்டாஷீட்டில் வரும் புரியாத சொல்லை விளக்கச் சொல்லவும், எதையெல்லாம் சோதிக்கலாம் என்று ஒரு பட்டியல் கேட்கவும் அந்தக் கருவி நன்றாக உதவுகிறது. முனை எண், பாகத்தின் அளவு, மின்னழுத்த வரம்பு என்று எண்ணாக வரும் எதையும் உற்பத்தியாளரின் ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே கையைக் காலை அசைக்க வேண்டும்.

இதற்குள் என் நோட்டுப் புத்தகம் குழம்பிப் போயிருந்தது. ஒருவர் சொன்ன மாற்றத்தைச் செய்து முடிவு தெரிவதற்குள் அடுத்தவர் சொன்னதையும் செய்துவிடுவேன். ஒரு முறை பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றை 3.3 வோல்ட் வழியில் வைத்தபோது ரீசெட் கணிசமாகக் குறைந்தது. அதே நாளில் நிரலில் வைஃபை அனுப்பும் இடைவெளியையும் கூட்டியிருந்தேன். எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்தச் சிக்கலின் விடை அன்றைக்கே அந்தப் பக்கத்தில் இருந்தது. படிக்க முடியாமல் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, அதற்கு முன்னும் பின்னும் எத்தனை மணி நேரத்தில் எத்தனை ரீசெட் என்ற கணக்கு: இவ்வளவும் இருந்தால்தான் உதவ வருபவரால் உங்கள் குறிப்பை வைத்து யோசிக்க முடியும்.

அடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு போர்டு வடிவமைத்துத் தரும் ஒருவரை அணுகினேன். வரைபடத்தைப் பார்த்ததும், "இரண்டு அடுக்கு போர்டு போதாது, நான்கு அடுக்காக மாற்றிக் கிரவுண்ட் தளத்தைச் சரியாகப் போட வேண்டும்" என்றார். கிரவுண்ட் தளம் என்பது மின்னோட்டம் திரும்பி வருவதற்காக ஓர் அடுக்கு முழுக்கப் பரப்பும் செம்பு. முன்பணம் கொடுத்தேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. வேலை சுத்தமாகவே இருந்தது. உடையாத கிரவுண்ட் தளம், ஒவ்வொரு பவர் முனைக்கும் ஒட்டியே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் என்று அவர் செய்த எல்லாமே பாடநூலில் இருக்கும் நல்ல பழக்கங்கள். ஆனால் என் பழைய போர்டு ஏன் ரீசெட் ஆகிறது என்பதை அவர் கண்டுபிடிக்கவே இல்லை. அதைக் கண்டுபிடிப்பதற்காக நான் பணம் கொடுத்திருக்கவும் இல்லை. புதிதாக வரைந்து தருவதற்குத்தான் எங்களுக்குள் பேச்சு. புதிய போர்டுகள் அதே நிறுவனத்தில் பாகங்கள் பொருத்தப்பட்டு வந்தன. முதல் நாளே ரீசெட் ஆயின.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கடையில் விற்கும் ஆயத்தக் கட்டுப்பாட்டுக் கருவியின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகிவிட்டது. அதைவிட அதிகமாக வலித்தது வேறொன்று: இத்தனை பேரிடம் கேட்டும் எனக்குத் தெரிந்ததைவிட ஒரு துளிகூட அதிகம் தெரிந்துகொள்ளவில்லை என்பது. பணம் கொடுத்து உதவி பெறுபவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நோயறிதலுக்கும் மறுவடிவமைப்புக்கும் தனித்தனியாகப் பேசுங்கள். முதல் கட்டணம், காரணத்தை அளந்து காட்டி எழுதித் தருவதற்காக இருக்கட்டும். காரணம் கையில் வந்த பிறகு மறுவடிவமைப்பு தேவையா என்று முடிவு செய்யலாம். பல நேரங்களில் தேவைப்படாது. வரைபடம், போர்டு, பாகப் பட்டியல் ஆகியவற்றின் மூலக் கோப்புகள் வேலை முடிந்ததும் உங்களிடம் வந்து சேரும் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் வழி காட்டியவர் என் நண்பரின் அக்கா. தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவர். நான் வழக்கம் போல வரைபடத்தை அனுப்பிவிட்டு நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரு யோசனையும் சொல்லவில்லை. "தம்பி, எந்த இடத்தில் அளந்தாய், எதைக் கொண்டு அளந்தாய், ரீசெட் ஆகும் கணத்தில் என்ன தெரிந்தது? இதை முதலில் சொல்" என்றார். மல்டிமீட்டரில் 3.3 என்று சொன்னேன். "மல்டிமீட்டர் விநாடிக்குச் சில முறைதான் எண்ணை மாற்றும், அதுவும் சராசரியைத்தான் காட்டும். உன் சிப் ரீசெட் ஆக அதைவிடப் பல மடங்கு குறைந்த நேரம் போதும். ஓர் ஆஸிலோஸ்கோப்பை எங்கிருந்தாவது இரவல் வாங்கு. பிறகு, உன் போர்டின் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. வரைபடம் எனக்கு இப்போது வேண்டாம்" என்றார்.

மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் மாறுவதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் அந்த ஆஸிலோஸ்கோப் இரவல் கிடைத்தது. அளக்கும் முறையையும் அவரே சொல்லித் தந்தார். போர்டைத் தொட்டு அளக்கும் புரோபை 10 மடங்கு நிலையில் வைக்க வேண்டும். அதனோடு வரும் நீண்ட கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, முனையில் மாட்டும் சிறிய ஸ்பிரிங்கைப் பயன்படுத்த வேண்டும். நீண்ட வயர் சுற்றியுள்ள இரைச்சலை எல்லாம் உள்ளே இழுத்து, இல்லாத அலையைத் திரையில் காட்டிவிடும். மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே போகும்போது மட்டும் படம் உறையும்படி டிரிக்கரை அமைக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வைஃபை தகவல் அனுப்பிய கணத்தில் திரையில் ஒரு படம் வந்து நின்றது. மல்டிமீட்டர் அசையாமல் காட்டிய அந்த 3.3 வோல்ட் கீழே இறங்கி, மேலே துள்ளி, மறுபடி இறங்கி, அடங்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. இத்தனை மாதமும் என் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த எதிரி அது. பயமும் மகிழ்ச்சியும் சேர்ந்து வந்தன.

அந்தப் படத்தைப் பார்த்ததும் அக்கா, நான் முன்பே அனுப்பியிருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கி, "சி7 டான்டலம் என்று சொன்னாயே, அதன் மேல் கோடு எங்கே?" என்று கேட்டார். சி7 என்பது ரெகுலேட்டரின் வெளியீட்டில் நான் வைத்த கெப்பாசிட்டருக்கு வரைபடத்தில் உள்ள பெயர். டான்டலம் கெப்பாசிட்டர் என்றால் மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஓர் உடலும், நேர்முனையைக் காட்டும் பட்டைக் கோடும் இருக்கும். என் போர்டில் சி7 இருந்த இடத்தில் எழுத்தும் கோடும் இல்லாத பழுப்பு நிறக் கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. செராமிக். அதே 22 மைக்ரோஃபாரட், அதே அளவு. டான்டலத்தில் ஏ கேஸ் என்பதும் செராமிக்கில் 1206 என்பதும் இரண்டுமே 3.2 மில்லிமீட்டருக்கு 1.6 மில்லிமீட்டர், ஒன்றின் தளத்தில் மற்றொன்று கச்சிதமாக உட்காரும். கையிருப்பு இல்லாததால், பாகம் பொருத்திய நிறுவனம் என்னைக் கேட்காமலே மாற்றியிருந்தது. இரண்டாவது முறையும் அதே மாற்றம்.

இதில் என்ன கெடுதல் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகை ரெகுலேட்டரை வைத்துத் திணறுபவர்கள் ஏராளம். எந்தக் கெப்பாசிட்டருக்குள்ளும் ஒரு சிறு மின்தடை தொடராக இருக்கிறது. அதை இஎஸ்ஆர் என்பார்கள். செராமிக்கில் அது மில்லிஓம் கணக்கில், கிட்டத்தட்ட இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. டான்டலத்தில் ஓர் ஓமை ஒட்டி இருக்கும். ரெகுலேட்டர் தன் வெளியீட்டை இடைவிடாமல் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும் கருவி. அந்தத் திருத்தம் ஒரு சிறு தாமதத்தோடுதான் நடக்கும். ஆடும் ஊஞ்சலை நிறுத்தப் போனவர் நேரம் தப்பித் தள்ளினால் ஆட்டம் கூடுவதைப் போல, தாமதம் ஓர் அளவைத் தாண்டினால் திருத்தமே அதிர்வை வளர்க்கும். இஎஸ்ஆர் அந்தத் தாமதத்தை ஈடுகட்டுகிறது. எல்எம்1117 டேட்டாஷீட், வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் இஎஸ்ஆர் 0.3 முதல் 22 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. அதைப் படித்துத்தான் நான் டான்டலம் போட்டிருந்தேன்.

மேசைச் சோதனையில் ஏன் தெரியவில்லை? சுமை சீராக இருக்கும்வரை அதிர்வு பெரிதாக எழவில்லை. இஎஸ்பி32 வைஃபையில் ஒலிபரப்பும்போது மின்னோட்டம் ஒரே தாவலில் 240 மில்லிஆம்பியர் வரை ஏறும். அதனால்தான் அதன் உற்பத்தியாளர் குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறார். பெட்டிக்குள் வைத்ததும் சிக்னல் குறைந்து, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பத் தொடங்கியபோது இந்தத் தாவல்கள் நெருக்கமாக வந்தன. செராமிக்கை மேலும் சேர்த்தபோது ரீசெட் கூடியதும், எலக்ட்ரோலிட்டிக் வைத்தபோது குறைந்ததும் இப்போது ஒன்றோடொன்று பொருந்தின: எலக்ட்ரோலிட்டிக்கில் இஎஸ்ஆர் உண்டு. சி7-ஐக் கழற்றி டான்டலத்தை வைத்துச் சால்டர் செய்து, மறுபடி ஸ்கோப்பில் பார்த்தேன். மின்னழுத்தம் சிறிது இறங்கி, ஒரே மூச்சில் மேலே வந்து அடங்கியது. அதன் பிறகு அந்தப் போர்டு ரீசெட் ஆகவில்லை.

நான் கேட்ட அத்தனை பேரும் என் வரைபடத்தைத்தான் பார்த்தார்கள். வரைபடத்தில் பிழை இல்லை. சரியான ஒன்றைக் காட்டி அதில் என்ன தவறு என்று கேட்டால், திறமைசாலிகளும் ஊகிக்கத்தான் செய்வார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை; தங்கள் நேரத்தை இலவசமாகக் கொடுத்தவர்கள். அவர்கள் பார்ப்பதற்கு உண்மையான பொருள் கையில் இல்லாமல் போனது. இப்போதெல்லாம் ஒரு கேள்வி அனுப்புவதற்கு முன் நான் சேர்த்து வைப்பவை இவை: கருவி என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி, என்ன செய்கிறது என்று இரண்டு வரி, பிடிஎஃப் வடிவில் வரைபடம், போர்டின் ஒவ்வொரு அடுக்கின் படம், பாகங்கள் பொருத்தப்பட்ட போர்டின் இரு பக்கப் புகைப்படம், கடைசி எழுத்து வரைக்கும் பாகங்களின் முழு எண், எங்கே, எதைக் கொண்டு, எந்தச் சுமையில் அளந்தேன் என்ற குறிப்பு, ஏற்கெனவே செய்துபார்த்து பயன் தராதவை. கம்பிகள் பின்னிக் கிடக்கும் பிரெட்போர்டின் ஒரு படத்தை மட்டும் அனுப்பினால் எவராலும் எதையும் சொல்ல முடியாது; ஆனால் நிறையப் பேர் அதைத்தான் அனுப்புகிறார்கள்.

கருவி என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்வது சிறிய விஷயம் போலத் தோன்றும். "3.3 வோல்ட் வழிக்கு எவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் போடலாம்?" என்று ஒருவரிடம் கேட்டிருந்தேன். அவர் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலையே சொன்னார். எனக்குத் தேவைப்பட்ட கேள்வி அது இல்லை. தீர்வை நாமே யூகித்துக்கொண்டு அந்தத் தீர்வைப் பற்றி மட்டும் கேட்டால், எதிரில் இருப்பவருக்கு நோயைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காது. அதோடு, அவர் ஒரு சோதனை செய்யச் சொன்னால் அதைச் செய்து, ஒன்றும் மாறவில்லை என்றாலும் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். மாறவில்லை என்பதும் அவருக்கு ஒரு தகவல். பதில் சொல்லாமல் மறைந்து போனவரின் அடுத்த கேள்விக்கு எவரும் மெனக்கெடமாட்டார்கள்.

போர்டையும் அப்படி உதவி கேட்க வசதியாக வரைய முடியும் என்பது அக்காவிடம் கற்றது. ஒவ்வொரு மின்னழுத்த வழிக்கும் ஒரு டெஸ்ட் பாயின்ட், அதன் பக்கத்திலேயே ஒரு கிரவுண்ட் புள்ளி. ரெகுலேட்டருக்கும் மற்ற பகுதிக்கும் நடுவே ஒரு பூஜ்ய ஓம் ரெசிஸ்டர்; அதைக் கழற்றினால் ரெகுலேட்டரைத் தனியாகச் சோதிக்கலாம். பாகங்களின் பெயரும் டான்டலத்தின் நேர்முனைக் குறியும் பாகம் வைத்த பிறகும் தெரியும்படி அச்சிடுவது. புதிய போர்டுக்கு முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் வரம்பைக் குறைவாக வைத்துத் தொடங்குவது.

இன்னொன்றை இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் இல்லை. ஹீட்டர் ரிலேயின் மறுபக்கம் வீட்டு மின்சாரம் ஓடுகிறது. சுவர் மின்சாரத்தில் இயங்கும் பெரும்பாலான ஆஸிலோஸ்கோப்களில் புரோபின் கிரவுண்ட் கிளிப், பிளக்கின் எர்த்தோடு நேரடியாக இணைந்திருக்கிறது. அந்தக் கிளிப்பை மின்சாரம் ஓடும் முனையில் மாட்டினால் அங்கேயே ஷார்ட் ஆகும். கருவி போகும், உயிரும் போகலாம். 3.3 வோல்ட் பகுதியை அளக்கும்போது ஹீட்டர் பக்கத்தின் வீட்டு மின் இணைப்பை முழுவதுமாகக் கழற்றிவிட்டுத்தான் அளந்தேன். மின்மாற்றி இல்லாமல் வீட்டு மின்சாரத்தைக் கெப்பாசிட்டர் வழியே இறக்கும் மலிவான சப்ளைகளில் 5 வோல்ட் பக்கமும் தொட ஆபத்தானதுதான். அந்த வகைச் சர்க்யூட் என்றால் தொலைவிலிருந்து எழுத்தில் உதவி கேட்காதீர்கள்; தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கை வையுங்கள்.

அடுத்த பதிப்பை வரைந்தபோது, ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அக்காவிடமும் அவருடைய நண்பர் ஒருவரிடமும் காட்டினேன். உதவி கேட்பதற்கு மிகச் சிறந்த நேரம் அதுதான் என்பதை அந்த ஒரு மாலையில் உணர்ந்தேன். போர்டு வந்த பிறகு ஒரு பிழையைத் தேட மாதங்கள் ஆகின்றன. வருவதற்கு முன் அதே பிழையைப் பிடிக்க அனுபவம் உள்ள கண்களுக்குக் கொஞ்ச நேரம் போதும். மென்பொருளின் பிழைச் சோதனை, கோடுகள் முட்டுகின்றனவா, ஏதாவது இணைப்பு விட்டுப்போனதா என்று பார்க்கும். நாம் என்ன நினைத்து வரைந்தோம் என்பது அதற்குத் தெரியாது. அவர்கள் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் புரியும். ஜிபிஐஓ12 முனையை 3.3 வோல்ட்டோடு இணைத்து மேலே இழுக்கும் ரெசிஸ்டர் ஏதாவது இருக்கிறதா? தொடங்கும் கணத்தில் அந்த முனை உயர்ந்திருந்தால் இஎஸ்பி32 தன் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட்தான் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும்; 3.3 வோல்ட் ஃபிளாஷ் உள்ள மாட்யூல் தொடங்கவே தொடங்காது. ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டர் பிசி547-ஆ, 2என்3904-ஆ? தட்டையான முகத்தை நம் பக்கம் திருப்பினால் முதலாவதில் இடது கால் கலெக்டர், இரண்டாவதில் எமிட்டர். ரிலே சுருளுக்குக் குறுக்கே டயோடு உண்டா?

யூஎஸ்பி டைப் சி இணைப்பைப் பார்த்ததும் அக்காவின் நண்பர், மின்சாரம் வேண்டும் என்று சார்ஜருக்குக் காட்டும் சிசி1, சிசி2 இரண்டு முனைகளுக்கும் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார். 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் பதிப்பில் அந்த இரண்டு முனைகளையும் ஒரே ரெசிஸ்டரில் சேர்த்திருந்தார்கள். உள்ளே சிப் பொதித்த சில கேபிள்களை மாட்டினால் அதற்கு மின்சாரமே கிடைக்கவில்லை. பின்னர் திருத்திய பதிப்பு வந்தது. பெரிய குழுவின் கண்ணுக்கே தப்பிய ஒன்று தனியாக உட்கார்ந்து வரைபவருக்குத் தப்புவதில் வியப்பில்லை, அதனால் மறுபார்வைக்குக் கொடுக்க வெட்கப்படவே வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. மறுபார்வைக்கு ஆள் கிடைக்காதவர்களும் செய்யக்கூடிய ஒன்று உண்டு: போர்டைத் தாளில் அதே அளவில் அச்சிட்டு, வாங்கிய பாகங்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். டேட்டாஷீட்டில் கீழிருந்து பார்த்த படத்தை மேலிருந்து பார்த்ததாக எடுத்துக்கொண்டு கால்கள் இடம் மாறிப்போவது அப்போதே தெரிந்துவிடும். உற்பத்தியாளர் வெளியிடும் மாதிரிப் போர்டின் வரைபடம், ஹார்டுவேர் வடிவமைப்பு வழிகாட்டி, சிப்பின் தெரிந்த குறைகளைத் தொகுத்த எர்ராட்டா ஆவணம் ஆகிய மூன்றும் கேட்காமலே கிடைக்கும் உதவிகள்.

புதிய வடிவமைப்புகளில், செராமிக் கெப்பாசிட்டரோடு நிலையாக இயங்கும் என்று டேட்டாஷீட்டிலேயே எழுதியிருக்கும் ரெகுலேட்டரைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். அப்போது இப்படி ஒரு மாற்றம் நடந்தாலும் ஆட்டம் காணாது. பாகம் பொருத்திய நிறுவனத்திடம் ஸ்கோப் படத்தையும் புகைப்படத்தையும் அனுப்பினேன். அதே மதிப்பு, அதே அளவு என்றால் மாற்றலாம் என்று தங்கள் விதிகளில் இருக்கிறது என்றார்கள். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு தொகையில் ஒரு பகுதி திரும்ப வந்தது. பழைய வடிவமைப்புக்கு மறுபடி ஆர்டர் கொடுக்கும்போதெல்லாம் பாகப் பட்டியலின் தலையில் இப்படி எழுதுகிறேன்: "சி7 டான்டலம் மட்டுமே, செராமிக் பொருத்த வேண்டாம். பட்டியலில் உள்ள எந்தப் பாகத்தையும் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் மாற்ற வேண்டாம். கையிருப்பு இல்லாத பாகத்தின் இடத்தைக் காலியாக விட்டு அனுப்பவும்." அதற்குப் பிறகு வந்த ஒரு தொகுதியில் சி7 இருக்க வேண்டிய இடம் காலியாகவே வந்தது. டான்டலத்தை நானே வாங்கிச் சால்டர் செய்துகொண்டேன்.